முன்னேற்றம் என்னும் விழுக்காடு: கடைமடையிலிருந்து அரசுப் பாலப் பணிகளைப் பார்த்தல்

கேள்வி

அரசுப் பணத்தில் கட்டப்படும் பாலங்களைப் பற்றிய செய்திக்குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வாக்கியம் உண்டு: பணிகள் இத்தனை விழுக்காடு முடிந்துவிட்டன, எஞ்சியவை விரைவில் முடியும். சட்டமன்றத்தில் அமைச்சர் தரும் விடையும், மாவட்ட ஆட்சியரின் ஆய்வுக்கூட்டக் குறிப்பும், ரயில்வே அமைச்சகத்தின் சமூக ஊடகப் பதிவும் இதே வார்ப்பில் வருகின்றன. அந்த விழுக்காடு எதை அளக்கிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. எண் ஏறிக்கொண்டே போனால் பாலம் திறக்கும் நாளும் அதே வேகத்தில் நெருங்குகிறது என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். அந்த எடுகோள் சரியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இன்றைய அளவுமுறை பணியின் எளிய பகுதியைப் பெரிதாகவும் கடினமான பகுதியைச் சிறிதாகவும் காட்டுகிறது. பாலம் எப்போது திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் பெரும்பாலானவை அந்த விழுக்காட்டுக்கு வெளியே கிடக்கின்றன. இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இக்கேள்வியைக் கோட்டுச்சேரியில் நின்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில், தரங்கம்பாடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் மேல் அமைந்த கொம்யூன் அது. வடக்கே நண்டலாறு மாவட்ட எல்லை. தெற்கே காரைக்கால் நகரை ஒட்டி அரசலாறு கடலில் கலக்கிறது. இடையிலும் சுற்றிலும் நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு எனக் காவிரியின் கடைசிக் கிளைகள். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்றிருக்கும், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் இந்தத் துண்டில் பாலம் என்பது வசதிக்கான ஏற்பாடு அல்ல. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கல்லூரிக்கும் போகும் வழி. கிழக்குக் கடற்கரையில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை செல்லும் நான்குவழிச் சாலைத் திட்டமும் இப்பகுதியைத் தொட்டுச் செல்கிறது. அதில் சட்டநாதபுரத்திலிருந்து நாகப்பட்டினம் வரையிலான சுமார் 56 கிலோமீட்டர் பகுதிக்கு 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் புதுச்சேரியில் அடிக்கல் நாட்டினார். அப்போது அறிவிக்கப்பட்ட மதிப்பீடு 2,426 கோடி ரூபாய். 2025 தொடங்கியபோதும் விழுப்புரம்–நாகப்பட்டினம் தடத்தின் எல்லாப் பகுதிகளும் முடிந்திருக்கவில்லை. கொள்ளிடத்தையும் அதற்குத் தெற்கே கிளையாறுகளையும் வரிசையாகத் தாண்டிப் போகும் பாதை என்பதால், இந்தச் சாலையின் கதை பெரிய அளவில் பாலங்களின் கதைதான்.

இதுவரையிலான விளக்கங்கள்

பாலங்கள் தாமதமாவதற்குப் பொதுவெளியில் மூன்று விளக்கங்கள் புழங்குகின்றன. பணமில்லை என்பது ஒன்று. ஊழல் என்பது இன்னொன்று. ஒப்பந்தக்காரரின் திறமையின்மை மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் தாமதத்தை ஒருவரது குணக்கேடாகவோ கஜானாவின் நிலையாகவோ சுருக்கிவிடுகின்றன. ஆய்வுலகில் கிடைக்கும் சித்திரம் வேறு. டென்மார்க் அறிஞர் பென்ட் ஃப்ளூபியர்க்கும் சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இருபது நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துக்கொண்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது திட்டங்களில் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது. பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் உண்மைச் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 34 விழுக்காடு கூடியிருந்தது. எழுபதாண்டுக் காலத்தில் இந்தப் போக்கு திருந்தவில்லை என்பதும் அதன் முடிவு. பொறியியலில் கைதேர்ந்த, பணமுள்ள ஐரோப்பிய நாடுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆகவே வறுமையாலும் வளர்ச்சிக் குறைவாலும் மட்டும் இதை விளக்க முடியாது.

இந்தியாவைப் பொறுத்தவரை டெல்லிப் பொருளியல் பள்ளியின் ராம் சிங் 2010-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஒன்றிய அரசின் 894 திட்டங்களின் தரவுகளைக் கொண்டு அவர் காட்டியது, நம் நாட்டில் செலவு மீறலைவிடக் கால மீறல்தான் பெரிய நோய் என்பது. ஒப்பந்தம் எழுதப்படும்போதே நிலம், வடிவமைப்பு, பிற துறைகளின் அனுமதி ஆகியவை முடிவாகாமல் விடப்படுவதே அதற்கு மூலகாரணங்களுள் ஒன்று என்கிறார் அவர். ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களைக் கண்காணித்து வெளியிட்ட அறிக்கைகளும் இதை உறுதிசெய்கின்றன: 2024 மார்ச் நிலவரப்படி கண்காணிப்பில் இருந்த 1,873 திட்டங்களில் 779 தாமதமாகியிருந்தன, 449-ல் செலவு கூடியிருந்தது. தாமதம் செலவை மிஞ்சி நிற்கிறது என்றால், பணம் இல்லாமல் நின்ற பணிகளைவிடப் பணம் இருந்தும் நகராத பணிகளைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் இந்த ஆய்வுகள் ஒரு கேள்வியைத் தொடாமல் போகின்றன: பணி நடந்துகொண்டிருக்கும்போதே அது எங்கே நிற்கிறது என்பதை நாம் எந்த அளவுகோலால் அறிகிறோம்?

விழுக்காடு எதை அளக்கிறது

ஒப்பந்தப் பணியின் முன்னேற்றம் அளவுப் புத்தகத்திலிருந்து பிறக்கிறது. பைல் போட்டது எத்தனை, தூண் எழுந்தது எத்தனை, வார்த்த காங்கிரீட் எத்தனை கனமீட்டர், கட்டிய கம்பி எத்தனை டன் என்று உதவிப் பொறியாளர் அளந்து எழுதுகிறார். அதன்படி பில் போடப்படுகிறது. பில்லின் கூட்டுத்தொகையை ஒப்பந்த மதிப்போடு ஒப்பிட்டால் ஒரு விழுக்காடு கிடைக்கிறது. கட்டடப் பணிக்கு இது ஓரளவு பொருந்தும். பாலத்துக்கு இது பொருந்தாததற்குக் காரணம், பாலத்தின் பயன் துண்டு துண்டாக வராது என்பது. ஐந்து அறைகளில் நான்கு முடிந்த பள்ளியில் நான்கு வகுப்பு நடத்தலாம். ஐந்து கண்களில் நான்கு முடிந்த பாலத்தில் ஒரு மிதிவண்டிகூட அக்கரை போகாது. மேலும், ஒப்பந்த மதிப்பில் பெரிய பங்கு ஆற்றுக்கு மேலே நிற்கும் காங்கிரீட்டுக்கு. இருபுறமும் வந்து சேரும் அணுகுசாலைக்கும் மண்மேட்டுக்கும் பங்கு குறைவு. நிலமெடுப்போ பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேராது, அது வருவாய்த்துறையின் கோப்பு. எந்த வேலைக்கு பில் தொகை அதிகமோ அதை முதலில் முடிப்பது ஒப்பந்தக்காரருக்கு லாபம். அதனால் விழுக்காடு தொடக்கத்தில் வேகமாக ஏறுகிறது. பிறகு வழக்கிலோ அனுமதியிலோ சிக்கிய மிச்சம் வருகிறது. பணத்தில் அது சிறிது, காலத்தில் பெரிது.

பாம்பன் இதற்குத் துலக்கமான சான்று. புதிய ரயில் பாலத்துக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2020-ல் கட்டுமானம் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாகத் திட்டம். 2022 இறுதியில் 84 விழுக்காடு முடிந்துவிட்டதாக ரயில்வே அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று, 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் பாதுகாப்புக் காரணத்தால் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எஞ்சிய 16 விழுக்காட்டுக்கு 2025 ஏப்ரல் 6 வரை, அதாவது இரண்டேகால் ஆண்டுக்கு மேல் பிடித்தது. முதல் 84-க்கு ஆன காலத்தில் கொரோனாப் பொதுமுடக்கமும் அடங்கும் என்பதை நினைவில் கொண்டால் இந்த விகிதத்தின் விபரீதம் புரியும். காரணம் மர்மமல்ல: 18.3 மீட்டர் நீளக் கண்கள் 99. அவை ஒரே மாதிரியானவை, திரும்பத் திரும்பச் செய்து முடிக்கக் கூடியவை. நடுவிலுள்ள 72.5 மீட்டர் தூக்குப்பகுதி ஒன்றே ஒன்று. இந்தியக் கடலில் அதற்கு முன்மாதிரி கிடையாது. நீளக் கணக்கில் அது மிகச் சிறிய பங்கு, பாலத்தின் உயிரோ அதில்தான். அந்த இரண்டேகால் ஆண்டும் ராமேசுவரம் செல்லும் ரயில் பயணிகள் மண்டபத்தில் இறங்கி சாலை வழியே தீவுக்குப் போனார்கள். அந்தச் செலவு எந்த விழுக்காட்டிலும் பதிவாகவில்லை. அதே நீரிணையைத் தாண்டும் இந்திரா காந்தி சாலைப் பாலம் 1974 நவம்பரில் அடிக்கல் கண்டு 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது என்பதையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பாம்பனில் நிலச் சிக்கல் இல்லை, ஒரே துறையின் பணி, கடினம் தொழில்நுட்பத்தில். திருச்சி சந்திப்பு அருகே அரிஸ்டோ ரவுண்டானா ரயில்வே மேம்பாலம் இதற்கு நேரெதிர். அங்கே தொழில்நுட்பத்தில் புதுமை ஏதுமில்லை. 2014-ல் தொடங்கிய பணியில் மற்ற கைகள் முடிந்து போக்குவரத்துக்குத் திறந்த பின்னும், சென்னை நெடுஞ்சாலையை நோக்கி இறங்க வேண்டிய கை அந்தரத்தில் நின்றது. இறங்கும் இடத்தில் பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான 0.66 ஏக்கர் நிலம். அந்த நிலத்துக்கான அனுமதி 2022-ல் கிடைத்தது. கை 2023-ல் திறந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலம் பல ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த நிலத்தின் மேல் செய்ய வேண்டியிருந்த கட்டுமானமோ ஓராண்டளவில் முடிந்துவிட்டது. அந்தக் காலம் முழுதும் விழுக்காடு அசையாமல் உயரத்திலேயே நின்றிருக்கும், ஏனெனில் பெரும்பாலான காங்கிரீட் வார்த்தாகிவிட்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை ரயில்வே கட்டி முடித்து, இருபக்க அணுகுசாலைக்காக மாநில நெடுஞ்சாலைத் துறை காத்திருப்பதும், இதற்கு மறுதலையாக நடப்பதும் பழகிப்போன காட்சிகள். இரண்டு துறைகள், இரண்டு டெண்டர்கள், இரண்டு விழுக்காடுகள், பாலம் ஒன்று.

கடைமடையின் இரண்டு நாட்காட்டிகள்

காவிரிக் கழிமுகத்தில் இந்தப் பொதுச் சிக்கலோடு இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. ஆற்றுக்குள் பைல் போடவும் தூணின் அடித்தளம் எழுப்பவும் ஆறு இடம் தரும் மாதங்கள் சில. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். இடையே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகக் கடைமடையில் ஆற்றுக்குள் முழுவீச்சில் இறங்கக் கிடைப்பது பிப்ரவரி நடுவிலிருந்து மே முடிய. அதுவும் உறுதியில்லை. 2022-ல் நீர்வரத்து மிகுந்ததால் மேட்டூர் மே 24 அன்றே திறந்தது. 2024-ல் நீரின்றி ஜூலை 28 வரை தள்ளிப்போனது. முன்னதில் ஆற்றில் வேலை செய்யும் காலம் மூன்று வாரம் சுருங்கியது. பின்னதில் ஒன்றரை மாதம் நீண்டது. கடலோரம் நெருங்க நெருங்க ஓதநீர் ஏறி நிற்பதால், அணை மூடிய பின்னும் முகத்துவாரப் பகுதி முழுதாக வற்றாது. வண்டலும் களியுமான மண்ணில் அடித்தளம் ஆழம் போக வேண்டும். உவர்நீர் கம்பியை அரிக்கும். அணுகுசாலைக்கு மேடு எழுப்ப உள்ளூரில் மண் கிடைப்பது அரிது; கிராவலும் சவுடும் வெளியிலிருந்து வர வேண்டும், அதற்குக் கனிமத்துறை அனுமதி தனி.

இது நீரின் நாட்காட்டி. பணத்தின் நாட்காட்டி மார்ச் 31-ல் முடிகிறது, அதாவது வேலைக்காலத்தின் நட்டநடுவே. செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதியாகும். புதுச்சேரியில் நிலைமை இன்னும் இறுக்கம். சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம் என்பதால் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒன்றிய அரசின் முன்னொப்புதல் வேண்டும். மாநிலங்களுக்குரிய நிதிக்குழுப் பகிர்வு இதற்குக் கிடையாது. 2007-ல் தனிப் பொதுக்கணக்கு தொடங்கிய பின் கடன் சுமையும் தன் தலையிலேயே. விளைவாக, மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் இடைக்கால அனுமதி வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டை ஆடி ஆவணியில் போடுவது அங்கே வழக்கமாகிப்போனது: 2020-ல் ஜூலை, 2021-லும் 2022-லும் ஆகஸ்ட். 2023-ல் மார்ச்சிலேயே முழு பட்ஜெட் வந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளில் இதுவே முதல்முறை என்று செய்தியானது. மறு ஆண்டு, தேர்தல் காரணமாக, மீண்டும் ஆகஸ்ட். இடைக்கால அனுமதியில் புதிய பணி தொடங்குவது மரபல்ல. ஆகஸ்டில் பணம் ஒதுக்கி, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் எல்லாம் கடந்து பணி ஆணை வரும்போது தை பிறந்துவிடும். ஆற்றில் இறங்கிய ஆறேழு வாரத்தில் நிதியாண்டு முடியும். அடுத்த ஒதுக்கீடு தெளிவாகும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் ஓடும். பொதுப்பணித் துறை கட்டும் சிறிய, நடுத்தரப் பாலங்கள் ஒரு கோடையில் முடிய வேண்டியவை இரண்டு மூன்று கோடைகளுக்கு நீள்வதை விளக்க ஊழல் என்ற சொல் தேவையே இல்லை. இந்த இரு நாட்காட்டிகளின் முரண் போதும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பணிக்கு உள்ளூர் பட்ஜெட் தடையில்லை என்பது மெய். ஆனால் அதுவும் இதே ஆறுகளில், இதே மூன்றரை மாதத்தில்தான் இறங்கியாக வேண்டும்.

இதே மாதங்களில்தான் தூர்வாரும் பணியும் நடக்கிறது. ஒரே ஆற்றில் ஒருபுறம் பொக்லைன் மண்ணை அள்ள, மறுபுறம் பாலத்துக்கு அடித்தளம் போடுவது ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் ஆபத்து. 2024 ஜூன், ஜூலையில் பீகாரில் சில வாரங்களுக்குள் வரிசையாகச் சிறு பாலங்கள் சரிந்தபோது, அவற்றுள் பல தூர்வாருகையில் அடித்தளத்தைச் சுற்றிய மண்ணை முறையின்றி அகற்றியதால் விழுந்தவை என்று அம்மாநில அரசே கூறி, பொறியாளர்கள் பலரைப் பணியிடைநீக்கம் செய்தது. காவிரிக் கடைமடைக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல.

மறுப்புகள்

வேகத்தை வற்புறுத்துவது தரத்தைக் கெடுக்கும் என்பது இந்த வாதத்துக்கு எழக்கூடிய வலுவான மறுப்பு. அதற்கு அண்மைச் சான்றும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கத் தென்பெண்ணையில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டு, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டபோது டிசம்பர் தொடக்கத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் சுமார் 54 ஆயிரம் கனஅடி நீரைத் தாங்க வடிவமைக்கப்பட்டது, வந்ததோ இரண்டு லட்சம் கனஅடி என்பது அரசுத் தரப்பு விளக்கம். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது இக்கட்டுரையின் வாதத்தையே வலுப்படுத்துகிறது. அணைக்குக் கீழே பாலம் கட்டும்போது அணை அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமலே பணி நூறு விழுக்காட்டை எட்ட முடிந்தது. பாம்பனிலும், 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வடிவமைப்பு நடைமுறையையும் துருத்தடுப்பையும் குறைகூறி, தூக்குப்பகுதியில் வேகத்தை மணிக்கு 50 கிலோமீட்டராக மட்டுப்படுத்தினார். வேகமும் தாமதமும் இங்கே எதிரெதிர் அல்ல. இரண்டும் முன்தயாரிப்பின் குறையிலிருந்து கிளைப்பவை.

விழுக்காடு இல்லாமல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பது எப்படி என்றும் கேட்கலாம். கொடுக்க வேண்டியதில்லை என்று யாரும் சொல்லவில்லை. பில்லுக்கு அளவுப் புத்தகம் வேண்டும். அது அலுவலகத்தின் உள்கணக்கு. அந்த உள்கணக்கையே மக்களுக்கான விடையாக எடுத்து நீட்டுவதுதான் தவறு. பீகாரில் 1,710 கோடி ரூபாயில் கங்கைமேல் எழுந்துகொண்டிருந்த அகுவானி–சுல்தான்கஞ்ச் பாலம் 2022, 2023, 2024 என மூன்று முறை இடிந்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் அதன் விழுக்காடு கீழே இறங்கியதா என்று கேட்பது குறும்புதான். ஆனால் விடை கிடைக்காத குறும்பு.

ஊழலை இந்தக் கட்டுரை சிறுமைப்படுத்துகிறது என்று சிலர் கருதக்கூடும். கமிஷன் உண்டு, தரமற்ற பொருள் உண்டு, அவை பாலத்தின் ஆயுளைக் குறைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் பாலங்கள் ஏன் பெரும்பாலும் அணுகுசாலையிலும் துறைகளின் எல்லைக்கோட்டிலும் வந்து நிற்கின்றன என்பதற்கு ஊழல் விடை சொல்லாது. அப்படி நிற்பதால் ஒப்பந்தக்காரருக்கும் நட்டம்தான். நிலமெடுப்பை 2013-ன் சட்டம் கடினமாக்கிவிட்டது என்ற வாதமும் முழுமையானதல்ல. இழப்பீடு கூடியிருக்கிறது, நடைமுறை நீண்டிருக்கிறது. அது நில உரிமையாளருக்குரிய நியாயம். நீளும் என்று தெரிந்த நடைமுறையை முடிக்காமல் டெண்டர் விடுவது சட்டத்தின் குற்றமாகாது. அரிஸ்டோவில் நிலம் தனியாருடையதும் அல்ல, அரசின் இன்னொரு துறைக்குச் சொந்தமானது.

எதை வெளியிட வேண்டும்

ஆகவே ஓர் அரசுப் பாலத்தைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டியவை வேறு. தேவையான நிலத்தில் எவ்வளவு கைக்கு வந்தது, எந்தச் சர்வே எண்கள் பாக்கி. எத்தனை கனஅடி வெள்ளத்துக்கு வடிவமைக்கப்பட்டது, அந்த எண் எந்த அணையின் அல்லது மதகின் திறப்பளவிலிருந்து வந்தது. தண்டவாளமோ பிற துறையின் நிலமோ குறுக்கிட்டால் இருதரப்பும் கையெழுத்திட்ட தேதி. இந்தக் கோடையில் ஆற்றுக்குள் முடிய வேண்டிய வேலை என்ன, அதற்குரிய பணம் மார்ச் 31-ஐத் தாண்டியும் நிற்குமா. இவை நான்கும் பதிலாகாமல் முதல் பைல் இறங்கக் கூடாது. காரைக்கால் போன்ற இடத்துக்கு, ஆற்றுப் பணிகளின் ஒதுக்கீட்டை மட்டுமாவது பிப்ரவரி முதல் ஜூன் வரை இடையறாது நீடிக்கும் வகையில் தொடர்நிதியாக்குவது சட்டமன்றத்தின் கைக்குள் உள்ள சீர்திருத்தம். ஒன்றிய அரசிடம் இதற்கு முன்னொப்புதல் பெறுவதும் முடியாத காரியமல்ல.

காரைக்கால் மாவட்டத்துக்குச் சட்டமன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தொடரில் ஒரு பாலத்தின் விழுக்காட்டை அமைச்சர் படிக்கும்போது, மேற்கண்ட நான்கு கேள்விகளையும் எழுத்துமூலம் கேட்டு அவைக்குறிப்பில் ஏற்ற வேண்டியவர்கள் அவர்களே. ஊர் மட்டத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டிய அமைப்பு கொம்யூன் பஞ்சாயத்து. ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது.